தமிழரசன் தகப்பனைப் பார்த்துக்கொண்ட வரலாறு

திருப்புலிவனத்தைத் தாண்டி, உத்திரமேரூர் பஸ் திரும்புகிற வளைவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகளைத் திட்ட ஒரே ஒரு வாக்கியம்தான் வழக்கத்தில் இருந்தது. "தமிழரசனப் பாத்துக் கத்துக்கடா." கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருப்பவர்கள், மகனோடு சண்டை போட்டுவிட்டு டீக்கடைக்கு வந்து உட்காரும் பெரியவர்கள் எல்லோரும் கட்சி பேதம் இல்லாமல் இந்த வாக்கியத்தைத்தான் எடுத்தாண்டார்கள். தேர்தலில் நிற்பவனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த தாலுகா இது. நல்ல மகனுக்கு என்ன தகுதி என்பதை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைத் தமிழரசன் தன் சொந்த வாழ்க்கையால் தீர்த்துவைப்பதாக ஊர் நம்பியது. தமிழரசனும் நம்பினார். இந்த வரலாற்றில் கவனிக்கவேண்டிய இடம் அதுதான். அவர் பொய்யர் இல்லை. தன்னைப் பற்றி ஊரார் சொன்னதை மறுத்துப் பேசாத பண்பாளர்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கொஞ்சம் நஞ்சை, கோயில் திருப்பணிக் குழுவில் செயலாளர் பதவி, கஞ்சி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கும்பாபிஷேகத்தன்று வாங்கிக் கட்டியதிலிருந்து மணிக்கட்டை விட்டு இறங்காத பட்டை ஸ்டீல் வாட்ச் ஆகியவை அவருடைய சொத்துகள்.

அவருடைய தகப்பனார் பச்சமுத்து ஒருநாள் நாற்று பார்க்கப் போன இடத்தில் வரப்போரம் அப்படியே சாய்ந்தார். வலது கை, வலது கால் இரண்டையும் இழுத்துக்கொண்டது. பக்கத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த காலனி பெஞ்சமின்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் வாசல், கூடம் என்று எங்கேயும் நிற்காமல் நேரே உள்ளறைக்குள் போய்க் கட்டிலில் கிடத்தினார். பெஞ்சமின் வீட்டார் பரம்பரையாக அந்தக் குடும்பத்தின் கழனியில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி அவர்களில் யாரும் காலெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை. அன்றைக்கு அவசரத்தில் அதை யாரும் பேசவில்லை. மறுநாளிலிருந்தும் பேசவில்லை, வேறு காரணத்துக்காக.

அதற்கப்புறம் பச்சமுத்து எழுந்திருக்கவில்லை. சர்க்கரை நோய் கண் பார்வையையும் முக்கால்வாசி எடுத்துக்கொண்டது. பேச்சு குழறலாக இருந்தாலும் மரியாதை குறையாமல் இருந்தது.

தமிழரசன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். காஞ்சிபுரத்திலிருந்து பெரிய டாக்டரைக் காரில் அழைத்துவந்தார். கைப்பிடியைச் சுழற்றினால் தலைப்பக்கம் உயரும் இரும்புக் கட்டில் ஒன்றை வாங்கினார். அது டிராக்டரில் ஏறி, ஊரின் எல்லாத் தெருக்களையும் சுற்றிக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தது. தண்ணீர் மெத்தை வாங்கினார். தவிர, தினமும் காலையில் உள்ளறை வாசலில் வந்து நிற்பார்.

"நைனா, எப்டிக் கீற?"

உள்ளே இருந்து மனைவி கீதா பதில் சொல்வாள். "நல்லாக் கீறாருங்க. நாஷ்டா ஆயிடுச்சு."

"சரி, பாத்துக்க."

இத்துடன் அன்றைய பராமரிப்பு நிறைவடையும். யாராவது நலம் விசாரிக்க வந்தால் இன்னொரு தடவையும் அறை வாசல்வரை வருவார். மிச்சம் இருந்த சில்லறை வேலைகளை, அதாவது குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பீத்துணி அலசுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைப்பது முதலானவற்றைக் கீதா கவனித்துக்கொண்டாள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஊர் வைத்த பெயர்தான் 'தமிழரசன் பார்த்துக்கொள்கிறார்' என்பது. கீதாவே கூட அக்கம்பக்கத்தாரிடம் அப்படித்தான் சொல்லுவாள்.

மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஓர் ஏற்பாடு இருந்தது. சுவர்ப்பக்கமாகப் புரட்டுவதற்கு முன்னால் அவருடைய நல்ல கை, அந்த இடது கை, தடவித் தடவி வந்து கீதாவின் கண்ணாடி வளையல்களைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் உடம்பைத் தளர்த்திக்கொடுப்பார். பிடி கிடைக்காவிட்டால் கட்டைபோல விறைத்துவிடுவார். இந்தப் பிடியில் மாதம் ஒரு டஜன் உடையும். வளையல்காரர் கீதாவைப் பெரிய சிங்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நாளடைவில் கீதாவின் இடுப்பு விட்டுப்போனது. செங்கல்பட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "இனிமே கனம் தூக்கக் கூடாதும்மா, தூக்கினா நீங்களும் படுத்துடுவீங்க" என்றார். "மாமனாரு கனத்துல சேத்திங்களா டாக்டர்?" என்று அவள் கேட்டாள். டாக்டர் சிரித்தார். அவள் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் திட்டம் ஊருக்கு வந்தது. எழுந்திருக்க முடியாத முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ள அரசாங்கச் செலவில் ஆள் அனுப்புவார்கள். முதலில் டவுனில் நடந்தது, இப்போது கிராமங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். ஊர் கொஞ்சம் குழம்பிப்போனது. அரசாங்கம் அரிசி கொடுத்தால் வாங்கலாம். மிக்ஸி கொடுத்தாலும் வாங்கலாம், கெட்டுப்போனால் திட்டலாம். அப்பனைக் குளிப்பாட்ட ஆள் கொடுத்தால் எந்த முகத்தோடு வாங்குவது?

கீதாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சாம்பார் ஊற்றும்போது சொன்னாள். "நாளைக்குக் கணக்கெடுக்க வராங்களாம். மறக்காம நமக்கும் கேளுங்க. என்னால முடியலீங்க." கடைசி இரண்டு வார்த்தைகளை அவள் அதற்கு முன் அந்த வீட்டில் சொன்னதில்லை. தமிழரசன் சாதத்தைப் பிசைந்துகொண்டே "சரி" என்றார். உண்மையாகவே கேட்பதாகத்தான் இருந்தார்.

மறுநாள் ஒன்றியத்திலிருந்து நர்ஸ் திவ்யா வந்தாள். ஊருக்கு என்று நியமித்திருந்த பணியாளரையும் கூட அழைத்துவந்தாள். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண் பெஞ்சமினுடைய மகள் ஏஞ்சல். பெஞ்சமின் இன்றைக்கும் தமிழரசனைப் பண்ணையாட்களின் பழைய வழக்கப்படி 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார். ஏஞ்சல், "வணக்கம்ணா" என்றாள்.

பக்கத்து வீட்டு முத்துகிருஷ்ணன் வேலை ஒன்றும் இல்லாததால் வந்து நின்றிருந்தார். இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். தமிழரசனின் கண், செருப்பைக் கழற்றிய அந்தக் கால் அடுத்து எங்கே வைக்கப்படும் என்பதிலேயே இருந்தது. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று மேடையில் பேசுகிறவர் அவர். ஆகவே அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல், முத்துகிருஷ்ணன் பார்க்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

"தாத்தாவ யார் சார் பாத்துக்கறாங்க?" என்று திவ்யா கேட்டாள்.

"நான்தான்" என்றது தமிழரசனின் வாய்.

"குளிக்கவைக்கிறது, திருப்பிப் போடறது எல்லாம்?"

"எல்லாமே நான்தான் மேடம். பெத்த புள்ள கீறப்ப அரசாங்கத்துக்கு எதுக்கு சிரமம்? யாருமில்லாதவங்க கீறாங்க பாருங்க, அவங்களுக்குப் பண்ணுங்க."

முத்துகிருஷ்ணன் பெருமையோடு தலையாட்டினார். திவ்யா, "உங்களை மாதிரி ஒருத்தரை இப்பதான் சார் பாக்கறேன்" என்றாள். ஊருக்கு ஓர் ஆள்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே யாருமில்லாத வீடுகளுக்குத்தான் முதலிடம் என்று சொல்லிவிட்டு, இந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். ஏஞ்சல் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

வந்தவர்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு வந்த கீதா கூடத்தில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தமிழரசனுக்குத் தெரியவில்லை. சொம்பைக் கீழே வைக்கவில்லை, போடவில்லை. அப்படியே திரும்பி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் தமிழரசனுக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டைகளில் அவர் ஜெயிப்பது வழக்கம். கீதா ஒன்றுமே கேட்கவில்லை. சோறு சூடாகவே வந்தது. சட்டைக்குக் கஞ்சி குறையவில்லை. உள்ளறையிலிருந்து கட்டில் கிறீச்சிடும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பெருமூச்சும் மட்டும் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டன. முன்பும் அவை இருந்திருக்கவேண்டும். தமிழரசன் காஞ்சிபுரம் போய் அவளுக்கு இடுப்புப் பெல்ட் வாங்கிவந்தார். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டு மாமனாரைப் புரட்டப் போனாள். பெல்ட் போட்ட அவளைப் பார்க்கிறபோது சுமை தூக்குகிறவர்களின் ஞாபகம் வந்ததால், அவர் அந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்.

திவ்யாவுக்குப் போன் போட்டு, நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது, நேரமில்லை, ஆள் வேண்டும் என்று கௌரவமாகச் சொல்லிவிடலாம் என்று வாசகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதற்குள் திவ்யாவே கூப்பிட்டாள்.

"சார், வீட்ல படுத்திருக்கறவங்கள எப்படிப் பாத்துக்கறதுன்னு குடும்பத்துக்காரங்களுக்கு ஒரு பயிற்சி வெக்கறோம். உங்க வீட்லயே வெச்சுக்கலாமா? நீங்களே செஞ்சு காட்டுங்க. ஒரு ஆம்பள செய்றாருன்னு பாத்தாதான் மத்தவங்களுக்கும் கூச்சம் போகும்."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்பது தமிழரசனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. "அதுக்கின்னா மேடம், தாராளமா" என்றார்.

பயிற்சிக்கு முன் அவர் பயிற்சி எடுக்கவேண்டியிருந்தது. கீதாவிடம் கேட்டால் சொல்லிக்கொடுத்திருப்பாள். அதனாலேயே அவளிடம் கேட்க முடியவில்லை. கழனிக்குப் போய், பம்புசெட் கொட்டகையில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் ஒரு நெல் மூட்டையைக் கிடத்தி, அதைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். மூட்டை ஒத்துழைத்தது. துண்டை நனைத்து அதன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"இன்னாப்பா, மூட்டைக்கு ஜுரமா?"

முத்துகிருஷ்ணன்தான்.

"ஈரப்பதம் பாக்கறேன்" என்றார் தமிழரசன்.

"தண்ணி ஊத்தியா?" என்று கேட்டுவிட்டு, முத்துகிருஷ்ணன் பதிலுக்கு நிற்காமல் வரப்பில் நடந்துபோனார். அவர் நல்லவர். ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாறு பேரிடம் மட்டும்தான் சொன்னார்.

பயிற்சி நாளன்று கூடத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவள் சொக்கம்மாள். அவளுடைய வளர்ந்த மகன் பிறந்ததிலிருந்து நடக்காதவன். இப்போது ஏஞ்சல் போய்ப் பார்ப்பது அவள் வீட்டுக்குத்தான்.

"ஆம்பள பீத்துணி மாத்தறான்னா டிக்கெட் போட்டாக்கூட வந்து பாக்கலாம்டி" என்றாள் சொக்கம்மாள். "எங்க வூட்டுக்காரரு இருந்தவரிக்கும் புள்ளையப் பாத்து அழுவாரு. அது ஒண்ணுதான் அவரு செஞ்ச வேலை."

திவ்யா எல்லோரையும் உள்ளறைக்கு அழைத்துப்போனாள். ஏஞ்சல் கடைசியாக வந்து நிலைப்படியிலேயே நின்றாள். கீதா சுவரோரம் நின்றாள். தமிழரசன் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டில் பக்கம் போனார். இவ்வளவு கிட்டத்தில் தகப்பனாரின் முகத்தைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. காதோரம் ஒரு மரு புதிதாக இருந்தது. புதிதா, பழையதா என்றும் நிச்சயமில்லை.

"இப்ப ஐயாவச் சுவத்துப் பக்கம் திருப்பப்போறாரு, பாத்துக்குங்க" என்றாள் திவ்யா.

தமிழரசன் மூட்டையைப் பிடித்தது போலவே தோளையும் இடுப்பையும் பிடித்தார். பச்சமுத்துவின் இடது கை எழுந்தது. வழக்கம்போலத் தடவிக்கொண்டே வந்தது. வளையல் இருக்கவேண்டிய இடத்தில் பட்டையாக, சில்லென்று ஸ்டீல் வாட்ச் இருந்தது. விரல்கள் அதை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தன. பிறகு சட்டென்று விலகிக்கொண்டன. உடம்பு கட்டையாக விறைத்தது. அந்தக் கை மெல்ல நெற்றிவரை உயர்ந்து கும்பிட்டது.

"வாங்க" என்றார் பச்சமுத்து. "உக்காருங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நைனா, நான்தான். தமிழு."

"தமிழு வூட்ல இல்லீங்க." கிழவரின் நாக்கு வார்த்தைகளைத் தேடித்தேடி எடுத்துவைத்தது. "வெளிய போயிருப்பான். ஆயிரம் ஜோலி அவனுக்கு. ஆனா நல்லா பாத்துக்கறான் என்னிய. தங்கமான புள்ள." அப்புறம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். "அம்மா கீதா, வந்தவருக்கு மோர் குடும்மா."

கீதா வெளியே போனாள். தமிழரசன் தகப்பனாரின் தோளில் வைத்த கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார். கீதா சொம்பும் தம்ளருமாகத் திரும்பிவந்து, மோரை ஊற்றி, எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் நீட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற அதே மரியாதைதான் இருந்தது. தமிழரசன் வாங்கினார். நின்றபடியே குடித்தார். உப்பு சரியாக இருந்தது. திருப்பணிக் குழு செயலாளர் ஒருவர் ஒரு தம்ளர் மோரைக் குடித்துமுடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மேடம்" என்றார், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "நான் ஒரு வேலையும் செஞ்சதில்ல. எல்லாம் இவதான். அன்னிக்கி இவ கேக்கச் சொன்னா. நான் வேணான்னு சொல்லிட்டேன். இவ இடுப்பு போயிடுச்சு."

"ஏன் சார் வேணான்னீங்க?" என்று திவ்யா கேட்டாள். குற்றம் சாட்டவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

தமிழரசன் அதற்கும் பதில் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். பொய்யென்றால் கூப்பிடாமலே வந்து நிற்கும் அந்த வாய் இப்போது காலைவாரியது. கண் மட்டும் தன்னை அறியாமல் நிலைப்படியின் பக்கம் போய் வந்தது. போன கண்ணை ஏஞ்சல் பார்த்தாள்.

"வுடுங்க மேடம்" என்றாள் ஏஞ்சல். "அண்ணன் கூச்சப்படறாரு." பிறகு தமிழரசனைப் பார்த்தே சொன்னாள். "எங்கப்பா இந்த ஐயாவத் தூக்கியாந்து இதே ரூம்லதான் படுக்கவெச்சாரு. வூட்டுக்கு வந்து சொன்னாரு, நல்ல கனம்டா சாமின்னு. நான் தனியாத் தூக்கமாட்டேண்ணா. ஒரு பக்கம் நீங்க பிடிக்கணும்."

சொல்லிவிட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். முத்துகிருஷ்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வானம் இடியவில்லை. தமிழரசனுக்கு வேறென்னவோ இடிந்தது. இதற்காகவா கீதாவை இத்தனை நாளாக இந்த உடம்பைத் தூக்கவிட்டோம் என்று அவர் அவளுடைய பெல்ட்டைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் கடைசிவரை யாரிடமும் உரக்கக் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது பாதி ஒப்புதல்தான் என்பதும், மீதிப் பாதி அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இப்போது ஏஞ்சல் வாரத்தில் சில நாள் வருகிறாள். ஊருக்கு இன்னோர் ஆள் கேட்டுத் தமிழரசனே கிராம சபையில் எழுந்து பேசினார். சொக்கம்மாள், "யாருமில்லாதவங்களுக்குப் பண்ணுங்கன்னு சொன்னது நீதானப்பா, இப்ப எங்க பங்குக்கு வந்துட்ட" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். அவர் உட்கார்ந்தார். தன் வீட்டுக்காக அவள் மகனுடைய நாட்களில் ஒன்றுகூடக் குறைய அவர் விடவில்லை. இன்னோர் ஆள் இன்னும் வரவில்லை. விரிவாக்கம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஏஞ்சல் வராத நாட்களில் தமிழரசன்தான் புரட்டுகிறார். கீதா தன் அக்காள் வீட்டுக்கு மதுராந்தகம் போய்த் தங்கிவிட்டு வந்தாள். கல்யாணமாகி வந்தபிறகு அவள் அங்கே போய்த் தங்கியது அப்போதுதான். போகும்போது, எப்படிச் செய்யவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வளையல்களில் இரண்டைக் கழற்றிக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாள்.

தமிழரசன் வாட்சைக் கழற்றிவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வளையல்களைப் போட்டுப் பார்த்தார். அவர் கைக்கு ஏறவில்லை. வெறும் மணிக்கட்டைத்தான் நீட்டினார்.

இடது கை தடவிவந்து, ரோமமடர்ந்த மணிக்கட்டைத் தொட்டு, கொஞ்சம் யோசித்தது.

"வாங்க" என்றார் பச்சமுத்து. "சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றார் தமிழரசன். நான்தான் நைனா என்று சொல்வதை அவர் நிறுத்தியிருந்தார். சொன்னால் கிழவர் நம்புவதில்லை, உடம்பையும் தளர்த்துவதில்லை. வந்தவர் ஏதோ உதவி செய்கிறார் என்றால் மரியாதைக்காகக் கொஞ்சம் இணங்கிக்கொடுத்தார்.

"எங்க பையன் பாக்கவேண்டிய வேலை. உங்களுக்கு சிரமம்."

"சிரமமில்லீங்க."

"அவன் நல்லா பாத்துக்கறான் என்னிய."

தமிழரசன் ஈரத்துணியால் அந்த முதுகைத் துடைத்தார். எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. புண் ஒன்றுகூட இல்லை. அத்தனை காலமும் ஒரு புண்கூட வராத முதுகு அது.

"இல்லீங்க" என்றார். "அவன் இப்பதான் கத்துக்கினு கீறான்."

கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிடித்திருந்த மணிக்கட்டை உதறினார். "அப்படிச் சொல்லாதீங்க. வந்தவரு நீங்க, உங்களுக்கு இன்னா தெரியும்? ஊர்ல கேட்டுப் பாருங்க என் பையனப் பத்தி."

"சரிங்க" என்றார் தமிழரசன். அந்தக் கை திரும்பித் தடவிக்கொண்டு வரும்வரை, கட்டிலோரம் குனிந்தபடியே காத்திருந்தார்.